ஐயர் இல்லாமல் நடந்தால் கல்யாணம் செல்லுமா?

கேள்வி: "அக்னியை வலம் வராமல் என்ன கல்யாணம்?" என்கிறார்கள் வீட்டில். கேட்டே வளர்ந்ததால் எனக்கும் உறுத்துகிறது. தமிழ்நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது?

பதில் 1: தாராளமாகச் செல்லும். இந்து திருமணச் சட்டத்தில் 1967 திருத்தம் சேர்த்த 7-ஏ பிரிவைப் பாருங்கள். உறவினரோ நண்பர்களோ முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றுவது, மோதிரம் அணிவிப்பது, தாலி கட்டுவது, இவற்றில் ஏதாவது ஒன்றும் போதும். தாலியே கட்டாயமில்லைங்க! புரியாத மந்திரத்தைவிடப் புரிந்து சொல்லும் சொல்லுக்குத்தான் இங்கே மதிப்பு.

பதில் 2: பதிவை மறந்துவிடாதீர்கள், சிக்கல் வருவது அங்கேதான். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகம் போங்கள். மாலை மாற்றும் போட்டோ இருக்கட்டும்.

பதில் 3: மதம் வேறென்றால் 7-ஏ பொருந்தாது. சிறப்புத் திருமணச் சட்டம்தான், 30 நாள் நோட்டீஸ் உண்டு.