சிற்றுண்டிச்சாலையில் சோயாவில் செய்யும் தௌஃபூ, தெம்பே கூடாது என்கிறார்கள். என்ன செய்வது?

சம்பல்கரண்டி கேட்டது:

வணக்கம். எங்களுடையது மலேசியாவில், ஹிலிர் பேராக் மாவட்டத்தில் ஒரு தோட்டப் பட்டணம். நான்கு பக்கமும் செம்பனை, நடுவே இரண்டு வரிசைக் கடைகள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி. அந்தப் பள்ளியில் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறேன்.

போன வாரம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து கைப்பேசியைத் தூக்கிக் காட்டினார். அமெரிக்காவிலிருந்து வரும் சோயா மொச்சை எல்லாம் மரபணு மாற்றப்பட்டதாம். அதில் பன்றியின் மரபணுவைச் சேர்த்திருக்கிறார்களாம். சாப்பிடும் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருமாம். தௌஃபூ, தெம்பே, சோயாப்பால் மூன்றையும் உடனே நிறுத்த வேண்டும் என்றார். பாதிப் பேர் கைதட்டினார்கள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

எனக்குத் தெம்பே கொடுப்பவர் பக்கத்துக் கம்பத்து (மலாய்க் கிராமத்து) ஜாவா அம்மா. இரவெல்லாம் மொச்சையை ஊறவைத்து, தோலைக் கசக்கி அலசி, வேகவைத்து, துணியில் பரப்பி ஆற்றி, அதன் பிறகுதான் ராகி தூவுவார் (கேழ்வரகு அல்ல, புளிக்கவைக்கும் பூஞ்சைத் தூள்). வாழையிலையில் கட்டி இரண்டு நாள் வைத்தால் வெள்ளைப் பூஞ்சை படர்ந்து மொச்சை முழுவதையும் ஒரே கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கத்தி வைத்தால் காளான் வாசம் வரும். அதைத் துண்டு போட்டு, நெத்திலியோடு சம்பலில் பிரட்டி, சோற்றின் மேல் வைத்துக் கொடுக்கிறேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் உண்டு. கோழி வைத்தால் அவர்களால் வாங்க முடியாது. தெம்பேயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நான் எதை வைப்பேன்?

கூட்டத்தில் மனத்தை அறுத்த விஷயம் இன்னொன்று. பள்ளிக்குப் பின்னால் ஓர் அலூர், அதாவது சிற்றோடை, ஓடுகிறது. மழை பெய்த மறுநாள் அதில் தண்ணீர் காப்பித்தூள் நிறத்தில் வருகிறது, மேலே நுரை கட்டி நிற்கிறது. இரண்டாம் வகுப்பு ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பாடம் நடத்துகிறார்கள். முன்பு அதில் பையன்கள் விரால் பிடிப்பார்கள். இப்போது விரால் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கிறது. அதையும் பேசுங்கள் என்றேன். "செம்பனை ஆலையில் நம் ஆட்கள்தானே வேலை செய்கிறார்கள், விடுங்கள் அக்கா" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

என் அம்மா வெளிக்காட்டில் மருந்து அடித்தவர். விடியற்காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் முதுகில் பம்பு ஏறிவிடும். பாராகுவாட் என்ற களைக்கொல்லிதான். நீலத் தண்ணீர் முதுகில் வழிந்து சட்டை ஊறிப்போகும். கைவிரல் நகங்கள் கறுத்து, பிளந்து, வேரோடு கழன்று விழுந்தன. மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி பம்பைத் தூக்குவார். கையுறை கேட்டதற்கு மண்டோர் (மேற்பார்வையாளர்) என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அன்றைக்கு எங்களுக்காக ஒரு கூட்டமும் கூடவில்லை.

ஆகவே உண்மை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தப் பன்றி மரபணு விஷயம் நிஜமா? மொச்சையில் ஆபத்து இருக்கிறதா? நான் வாங்குவது மாற்றப்பட்டதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அலூர்த் தண்ணீருக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

சுண்ணக்கட்டி எழுதியது:

அக்கா, நான் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் ஆசிரியர். பன்றி மரபணு என்பது சுத்தப் பொய். 1996 முதல் அமெரிக்காவில் பயிராகும் அந்தச் சோயாவில் சேர்க்கப்பட்டது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை மேலே அடித்தாலும் செடி சாகாமல் நிற்பதற்காகச் சேர்த்தார்கள். மீன் மரபணு போட்ட தக்காளி என்றும் ஒரு படம் சுற்றுகிறது. அப்படி ஒரு பரிசோதனை நடந்தது உண்மை. ஆனால் அந்தத் தக்காளி கடைக்கு வந்ததே இல்லை. விதையில்லாத தர்ப்பூசணி, விதையில்லாத கொய்யா இவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அவை வேறு வழியில் வந்தவை. நம் நாட்டில் மரபணு மாற்றப்பட்ட பயிர் எதுவும் வணிகத்துக்காகப் பயிரிடப்படவில்லை. உங்கள் ஊரைச் சுற்றி நிற்கும் செம்பனையும் டூரா, பிசிஃபெரா என்ற இரு வகைகளைக் கலந்து பெற்ற ஒட்டுரகம்தான்.

ஆனால் மொச்சை இறக்குமதியாகிறது. அமெரிக்கச் சோயாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மாற்றப்பட்டதுதான். ஆகவே அந்தத் தகப்பனார் அச்சப்படுவதற்கு அடிப்படையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சாப்பிட்டால் கெடுதியா என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்திருக்கும் பதில் இல்லை என்பதே. 2016இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 900க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சாதாரணப் பயிரைவிட இதனால் உடலுக்குக் கூடுதல் ஆபத்து என்பதற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை என்று அறிவித்தன. எலிகளுக்குக் கட்டி வந்த படத்தைக் காட்டுவார்கள். அது 2012இல் பிரான்ஸில் நடந்த ஆய்வு. வெளியிட்ட இதழே 2013இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

கூட்டத்தில் இன்னொன்றையும் கேளுங்கள். நம் கோழிகள் தின்னும் தீவனம் என்ன? இறக்குமதியாகும் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும்தான். தௌஃபூவை நிறுத்திவிட்டுக் கோழி நகெட் கொடுத்தால் அந்தத் தகப்பனார் நிம்மதியாகத் தூங்கலாமா? யோசிக்கச் சொல்லுங்கள்.

அச்சம் இருக்க வேண்டிய இடம் மருந்து. களைக்கொல்லியைத் தாங்கும் பயிர் வந்ததும் கிளைபோசேட் பயன்பாடு உலகெங்கும் பல மடங்கு ஏறியது. 2015 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை "மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு வாய்ப்பில்லை என்றது. வழக்கு இன்னும் ஓயவில்லை. அந்த மருந்து அர்ஜெண்டினா வயலில் மட்டும் இல்லை, உங்கள் செம்பனை மரங்களின் அடியிலும் விழுகிறது. உங்கள் ஊர்ப்பக்கத்துச் செய்தி ஒன்று சொல்கிறேன்: கிளைபோசேட்டுக்கு அடங்காத சம்பாவ் புல்லைப் பற்றி மலேசியாவிலிருந்து 2000இல் வெளிவந்த முதல் ஆய்வறிக்கையில் வரும் இடங்களில் ஒன்று தெலுக் இந்தான். அங்கே ஒரு பழத்தோட்டத்தில் அடித்து அடித்துப் புல் பழகிப்போயிருந்தது. மரபணு மாற்றிய விதை ஒன்றுகூட அந்த மண்ணில் விழவில்லை.

நான்காம்_குளம் எழுதியது:

அக்கா, வணக்கம். நான் வேறொரு மாவட்டத்தில் செம்பனை ஆலையில் கழிவுநீர்ப் பகுதியில் வேலை செய்கிறேன். அலூரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒரு டன் எண்ணெய் எடுத்தால் இரண்டரை, மூன்று டன் கழிவுநீர் வருகிறது. வெளியே வரும்போது கை வைக்க முடியாத சூடு, கெட்டியான பழுப்பு. அதில் விஷம் கலப்பதில்லை. செம்பனைக் குலையை நீராவியில் அவித்த தண்ணீர், எண்ணெய்ப் பிசுக்கு, நார்த்தூள் இவைதான். ஆனால் அது அப்படியே ஆற்றில் இறங்கினால் அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனை எல்லாம் குடித்துவிடும். மீன் மூச்சு முட்டிச் சாகும். விரால் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கும் மீன். அதுவே மிதக்கிறது என்றால் நிலைமை மோசம். மருந்துத் தண்ணீரும் சேர்ந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதனால்தான் வரிசையாகக் குளங்கள் வெட்டியிருப்பார்கள். சூடு ஆறும் குளம், காற்றில்லாக் குளம், காற்றோட்டக் குளம் என்று வாரக்கணக்கில் தங்கித்தான் தண்ணீர் வெளியே போக வேண்டும். ஆக்ஸிஜன் தேவை என்று ஓர் அளவு உண்டு. சுத்திகரிக்காத கழிவில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1977இல் வந்த செம்பனை ஆலை விதிமுறைகள் அதைப் படிப்படியாக 100க்குக் கொண்டுவந்தன. சில இடங்களில் உரிமத்திலேயே 20 என்று எழுதியிருப்பார்கள்.

குளத்தைத் தூர்வாராமல் விட்டால் அடியில் சேறு ஏறி ஆழம் குறைந்துவிடும். ஆண்டு இறுதியில் குலையும் அதிகம் வரும், மழையும் கொட்டும். கரை தாண்டும். "மழைதான் காரணம்" என்பார்கள். தூர்வாரிய குளம் அவ்வளவு எளிதில் கரை தாண்டாது, இது என் கண்ணால் பார்த்தது.

படம் எடுங்கள். தேதி, நேரம், மழை பெய்ததா, எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வருகிறது, நாற்றம், நுரை எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். தண்ணீரை நீங்களே போத்தலில் பிடித்து அனுப்பினால் வழக்கில் நிற்காது. அதிகாரிகள் வந்து எடுக்க வேண்டும். சுற்றுச்சூழல் இலாகாவின் கட்டணமில்லாத எண் 1-800-88-2727. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூப்பிடுங்கள், மறுநாள் கூப்பிட்டால் தெளிந்துவிடும். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 2024இல் சட்டம் திருத்தப்பட்டு அபராதத்தின் உச்சவரம்பு 10 மில்லியன் ரிங்கிட்டாகிவிட்டது. இப்போது நிர்வாகங்கள் காது கொடுக்கின்றன.

அந்தப் பின்வரிசைக்காரருக்கு என் பதில்: குளத்துக்கரையில் முதலில் நிற்பது நாங்கள்தான். குளம் சரியாக இருந்தால் எங்களுக்கும் நல்லது.

மூன்று_பிள்ளை_அம்மா எழுதியது:

ஆசிரியர் ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் நான் அந்தத் தகப்பனார் பக்கம்தான் பேசுவேன். "சான்று கிடைக்கவில்லை" என்று எங்கள் அம்மா அப்பா காலத்திலும் சொன்னார்கள். பாராகுவாட்டைக் கவனமாகப் பயன்படுத்தினால் போதும் என்றார்கள். மருந்தடிக்கும் பெண்களைப் பரிசோதித்து தெனாகனித்தா என்ற தொண்டு அமைப்பு கத்திய பிறகு, 2002இல் படிப்படியாக நிறுத்துவோம் என்றது அரசாங்கம், 2006இல் தளர்த்தியது, முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல். இடையில் எத்தனை பேர் முதுகில் அந்தப் பம்பு இருந்தது! நம்பிக்கை வரவில்லை என்று ஒரு தோட்டத்துப் பிள்ளை சொன்னால் அதை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள்.

2010 டிசம்பரில் பெந்தோங் பக்கம் ஆளில்லாத இடத்தில் மரபணு மாற்றிய ஆண் கொசுக்கள் 6,000 விடப்பட்டன. டிங்கியை ஒழிக்கத்தான், நோக்கம் நல்லது. ஆனால் விட்ட செய்தி ஜனங்கள் காதுக்கு வந்தது அடுத்த மாதம்தான். முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டாமா?

லேபிள் சட்டமும் இருக்கிறது. மாற்றப்பட்ட பொருள் 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பொட்டலத்தில் எழுத வேண்டும். எண்ணெய் போல நன்றாகச் சுத்திகரித்த பொருளுக்கு விலக்கு. மாற்றிய தீவனம் தின்ற கோழிக்கும் விலக்கு. சந்தையில் வாளித் தண்ணீரில் மிதக்கும் தௌஃபூவில் லேபிளை எங்கே ஒட்டுவார்கள்? நான் தெம்பேயை நிறுத்தச் சொல்லவில்லை அக்கா. தெரிந்து சாப்பிடும் உரிமை பணக்காரர் பேரங்காடியில் மட்டும் இருந்தால் போதாது என்கிறேன்.

சம்பல்கரண்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான்காம் குளம் தம்பி, உங்கள் வேலைக்கு ஒன்றும் வந்துவிடாதபடி எழுதியிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

இன்று காலை ஜாவா அம்மாவிடம் கேட்டேன். தெலுக் இந்தான் மொத்தக் கடையிலிருந்து மூட்டையாக வாங்குகிறாராம். மூட்டையைத் திருப்பிப் பார்த்தோம், அமெரிக்கா என்று அச்சடித்திருக்கிறது. மாற்றப்படாத மொச்சை கனடாவிலிருந்தும் வருகிறது, விலை கூடுதல், முன்கூட்டிச் சொன்னால் எடுத்துத் தருகிறேன் என்றாராம் கடைக்காரர். பெற்றோர்கள் ஒரு துண்டுக்குப் பத்துக் காசு கூடக் கொடுக்கச் சம்மதித்தால் நான் மாற்றத் தயார். சம்மதிக்காவிட்டால் இருக்கிற தெம்பேயே தொடரும், மூட்டையின் விவரத்தைச் சிற்றுண்டிச்சாலைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுகிறேன். பசித்து வரும் பிள்ளையின் தட்டிலிருந்து எதையும் எடுக்க நான் விடமாட்டேன். தௌஃபூ போடும் சீனத் தவுக்கேயிடமும் (முதலாளியிடமும்) இதே கேள்வியைக் கேட்கப் போகிறேன்.

ஆசிரியர் தம்பி, நீங்கள் எழுதியதை அச்செடுத்து அந்தத் தகப்பனார் கையில் கொடுத்தேன். முழுவதும் நின்று படித்தார். பன்றி விஷயத்தை இனிச் சொல்லமாட்டேன் என்றார். பிறகு அவரே கேட்டார்: "அலூரில் மருந்துத் தண்ணீர் வருகிறதா என்று எப்படி அக்கா கண்டுபிடிப்பது?" அவர் மகள் இரண்டாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்கிறாள். நோட்டுப் புத்தகத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போதெல்லாம் படம் எடுப்பதாக ஒத்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் அலூரைப் பற்றித் தீர்மானம் கொண்டுவருகிறோம். சுற்றுச்சூழல் இலாகாவுக்கு ஒரு கடிதம், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு ஒரு நகல். மலாயில் கடிதம் எழுதிப் பழக்கமுள்ளவர்கள் யாராவது ஒரு மாதிரியைத் தனிச்செய்தியில் அனுப்பினால் உதவியாக இருக்கும். மருந்துத் தண்ணீரையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும், அதைக் கடிதத்தில் எப்படிக் கேட்பது என்பதையும் நான்காம் குளம் தம்பி எழுதுங்கள்.