கருத்தடை பற்றிய மனப்பான்மை: எல்லோரும் ‘உடன்படுகிறேன்’ என்றால் எதை அளந்தோம்?

கேள்வி (முதுகலைச் செவிலிய மாணவி):
அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து 1980களில் உருவாக்கப்பட்ட, 32 கூற்றுகள் கொண்ட கருத்தடை மனப்பான்மை அளவுகோலை என் ஆய்வுக்காகத் தமிழாக்கியிருக்கிறேன். ஒருவர் தமிழாக்க, மற்றொருவர் மூலத்தைப் பாராமல் அதை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தினோம். ஆனால் திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 30 பேரிடம் முன்னோட்டமாகக் கேட்டபோது, ஒன்றுக்கொன்று முரணான கூற்றுகளுக்கும்கூட ஏறத்தாழ எல்லோரும் ‘முழுவதும் உடன்படுகிறேன்’ என்றார்கள். “படிச்சவங்க எழுதினது, சரியாத்தான் இருக்கும்” என்றார் ஓர் அம்மா. இந்த மதிப்பெண்களை அமெரிக்க முடிவுகளோடு ஒப்பிடலாமா?

பதில் (களப்பணியாளர்):
ஒப்பிட வேண்டாம். எனக்கு முதல் சந்தேகம் சொல்லின் மேல்தான். நம் ஊரில் “குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சா?” என்று கேட்டால், அது ஆபரேஷனைப் பற்றிய கேள்வி, மாத்திரை யாருக்கும் நினைவுக்கு வராது. ‘கருத்தடை’ என்று எழுதினாலும் பெரும்பாலும் அதே கதைதான். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான திருமணமான பெண்களில் சுமார் 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆகவே நாற்பது வயதுப் பெண் உடன்படுவது என்றோ முடிந்துபோன ஒன்றோடு. அமெரிக்க மாணவிக்கோ அது அன்றாடம் எடுக்க வேண்டிய முடிவு. சொல் பிசகாமல் திரும்பி வந்துவிடுவதால், மீள்மொழிபெயர்ப்பில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. காப்பர் டி, மாத்திரை, ஆணுறை, ஊசி, ஆபரேஷன் என்று முறைவாரியாகப் பிரித்துக் கேளுங்கள். கேட்கும்போது திண்ணையில் மாமியார் உட்கார்ந்திருந்தாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை, பதிலை அது மாற்றும் அளவுக்கு வேறெதுவும் மாற்றியதில்லை.

பதில் (புள்ளியியல் ஆசிரியர்):
மரியாதைக்குச் சொல்லும் ‘ஆம்’ இத்துறையின் பழைய வியாதி. 1950களில் பஞ்சாபின் கன்னா பகுதியில் ஆய்வாளர்கள் கருத்தடை நுரை மாத்திரைகளை (விழுங்குபவை அல்ல, பிறப்புறுப்பினுள் வைப்பவை) வீடுவீடாகக் கொடுத்தபோது கிராமத்தார் வாங்கிக்கொண்டார்கள்; பலர் பயன்படுத்தவில்லை. வீடு தேடி வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் வாங்கியவர்கள் உண்டு என்று, பின்னர் அங்கே போய் விசாரித்த மஹ்மூத் மம்தானி 1972இல் எழுதினார். ஒருவர் அந்த மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிச் சிற்பம் போலச் செய்து வைத்திருந்தாராம்.

முரண் கூற்றுகளுக்கும் ஒரே பதில் வந்திருப்பதால், நீங்கள் அளந்தது இணங்கிப்போகும் பழக்கத்தைத்தான். இரு பண்பாடுகளின் சராசரிகளை ஒப்பிட வேண்டுமென்றால், கூற்றுகள் இரண்டு இடத்திலும் ஒரே விதமாகக் குழுச் சேர வேண்டும், ஒவ்வொரு கூற்றின் எடையும், அதாவது அது மனப்பான்மையைக் காட்டும் வலுவும், ஒத்திருக்க வேண்டும், அதற்கும் மேலாக, ஒரே அளவு மனப்பான்மை உள்ள இருவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் ஒரே பதிலைத் தர வேண்டும். இந்த மூன்றாவதில்தான் பல ஆய்வுகள் இடறுகின்றன. இதையெல்லாம் சோதிக்க 30 பேர் போதாது. ஆனால் அதற்கு முன், பத்துப் பேரிடம் ஒவ்வொரு கூற்றையும் வாசித்து, “இதை உங்கள் பேச்சில் சொல்லுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள்.

பதில் (களப்பணியாளர்):
ஆண்களையும் விட்டுவிடாதீர்கள். கருத்தடை பெண்கள் சமாச்சாரம், ஆண் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்ற கூற்றை அதே தேசிய ஆய்வு ஆண்களிடம் வைத்தது. இந்திய அளவில் சுமார் 35 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் உடனே ஆமாம் போடவில்லை என்பதே அக்கூற்று வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அந்த அம்மாவிடமே மறுபடி போய், தாளை மடித்து வைத்துவிட்டு, ஆபரேஷன் என்றே சொல்லிக் கேட்டேன். “ரெண்டாவது பிள்ளை பிறந்தப்பவே ஆஸ்பத்திரியில பண்ணிவிட்டுட்டாங்க. பிடிக்குதா பிடிக்கலையான்னு இப்பத்தான் நீ கேக்குற” என்றார். ‘முழுவதும் உடன்படுகிறேன்’ போன்ற விடைகளுக்கான ஐந்து கட்டங்களில் இதை எதில் குறிப்பது என்று தெரியாததால், அவர் சொன்னதை அப்படியே ஓரத்தில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.