மலையேற்ற சைக்கிள் போட்டி: வயல்வெளிச் சாலையில் ஓட்டிப் பழகியவர் தயாராவது எப்படி?

தோவாளைக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் வெளிமாவட்டம் ஒன்றில் நடக்கவிருக்கும் மலையேற்ற சைக்கிள் போட்டிக்கு முதன்முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். தூரம் 14 கிலோமீட்டர். அடிவாரத்திற்கும் முடிவுக்கோட்டிற்கும் உயர வேறுபாடு 900 மீட்டர். முதல் 3 கிலோமீட்டர் ஏறத்தாழச் சமதளம் என்றும், அதன்பின் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன என்றும் அங்கே ஓட்டியவர்கள் சொல்கிறார்கள். எல்லோரும் ஒன்றாகப் புறப்பட வேண்டும்.

என் எடை 72 கிலோ, சைக்கிள் 10 கிலோ. முன்பக்கம் 50, 34 பற்களும் பின்பக்கம் 11 முதல் 28 பற்கள் வரையும் உள்ளன. நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டு வயல்வெளிச் சாலைகளிலேயே ஓட்டிப் பழகியவன். மலை கண்ணெதிரே நின்றாலும் அதன்மேல் தொடர்ந்து ஒரு மணி நேரம் ஏறுவதற்கான தார்ச்சாலை நம் பக்கம் இல்லை. காளிகேசம் பக்கம் போனால் வனத்துறையின் அனுமதி வேண்டும். கியரை மாற்ற வேண்டுமா, எடை குறைந்த சக்கரங்கள் வாங்கப் பணம் சேர்க்க வேண்டுமா, ஏற்றமே இல்லாமல் ஏற்றத்திற்கு எப்படிப் பயிற்சி எடுப்பது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மார்த்தாண்டம் பட்டறை

தம்பி, முதலில் சராசரியை மறந்துவிடுங்கள். 14 கிலோமீட்டருக்கு 900 மீட்டர் என்றால் 6.4 சதவீதம் என்று கணக்கு வரும். ஆனால் முதல் 3 கிலோமீட்டர் சமதளம் என்று நீங்களே சொல்லிவிட்டதால், மீதி 11 கிலோமீட்டரின் சராசரி 8 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதற்குள்ளேயே 10 சதவீதத் துண்டுகள் இருக்கத்தான் செய்யும். உங்களைச் சோதிக்கப்போவது அவைதான்.

நீங்கள், சைக்கிள், தண்ணீர், உடை எல்லாம் சேர்த்து 84 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த 11 கிலோமீட்டரை 70 நிமிடத்தில் ஏற வேண்டுமானால், புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் 177 வாட் வேண்டும். டயர் உராய்வு, காற்று, சங்கிலி இழப்பு ஆகியவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 200 வாட் ஆகும். அதே 200 வாட்டில் 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம்தான் கிடைக்கும். அந்த வேகத்தில் 34-க்கு 28 என்ற உங்கள் மிகச் சிறிய கியரில் நிமிடத்திற்கு 52 சுற்றுதான் மிதிக்க முடியும். பின்னால் 34 பற்கள் இருந்தால் அது 63 சுற்றாகும். பத்து நிமிடத்திற்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துத் தொடைகள் அதைச் சொல்லும்.

ஆகவே, பணம் செலவழிப்பதானால் முதல் செலவு பின்பக்கக் கேசட்டாக, அதாவது பின்சக்கரப் பற்சக்கர அடுக்காக, இருக்கட்டும். உங்கள் பின் கியர் மாற்றி குட்டைக் கை உடையதாக இருந்தால் 34 பல்லை அது தாங்காது. நீளக் கை உள்ளதை மாட்டிச் சங்கிலியையும் புதிதாக அளந்து வெட்ட வேண்டும். போட்டிக்கு முந்தைய வாரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். சக்கரத்தைப் பொறுத்தவரை, மொத்த எடையில் ஒரு கிலோ குறைந்தால் அந்த ஏற்றத்தில் ஏறத்தாழ 50 நொடி மிச்சமாகும். முதல் போட்டியில் அந்த 50 நொடிக்காகக் கடன் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இருக்கைக்கு அடியில் தொங்கும் பை, பூட்டு, விளக்கு, இரண்டாவது தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றைக் கழற்றினாலே காசில்லாமல் ஒரு கிலோவுக்கு மேல் குறையும். பட்டறை வைத்திருப்பவனே சக்கரம் வாங்காதே என்று சொல்வது வேடிக்கைதான்.

ஆரல்வாய் எதிர்காற்று

தோவாளையில் இருந்துகொண்டு ஏற்றம் இல்லை என்று வருந்தலாமா? தென்மேற்குப் பருவக்காற்று வீசும் இந்த மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று பாய்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமும் அதுதான். காவல்கிணறு பக்கமிருந்து நம் ஊர் நோக்கித் திரும்பி வரும்போது அந்தக் காற்று முகத்தில் அறையும். 20 நிமிடம் இடைவிடாமல் ஒரே அழுத்தத்தில் மிதித்து, சற்று ஓய்ந்து, மீண்டும் 20 நிமிடம் மிதியுங்கள். முழு வேகம் வேண்டாம். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச உழைப்புக்குச் சற்றுக் கீழே, ஒரு குறுகிய வாக்கியத்தைப் பேச முடிகிற அளவில் மூச்சு இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் இதைச் செய்தால் போதும். மற்ற நாட்கள் மெதுவாக, நீண்ட தூரம் ஓட்டுவதற்கு.

குலசேகரத்துக்காரி

அண்ணாச்சி சொன்ன எதிர்காற்றுப் பயிற்சி மூச்சுக்கும் இதயத்திற்கும் நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதை ஏற்றத்திற்கு முழுமையான மாற்றாகக் கொள்ள முடியாது. காற்றை எதிர்த்து ஓட்டும்போது நாம் குனிந்து கிடக்கிறோம். சக்கரத்திற்கும் ஓரளவு உந்தம் இருக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்கிறோம். வேகம் மிகக் குறைவென்பதால் இரண்டு மிதிகளுக்கு நடுவிலேயே சைக்கிள் தளர்ந்துவிடுகிறது. மேலும் அந்த நான்குவழிச் சாலையில் லாரி கடந்து போகும் நொடியில் காற்று தடைபட்டு மீண்டும் அடிக்கும்போது சைக்கிள் ஓர் அடி விலகிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். தனியாக அங்கே போக வேண்டாம்.

நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு வாருங்கள். தக்கலையைத் தாண்டினால் நிலம் சமமாக இருப்பதில்லை. குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை, அருமனை வட்டாரத்து ரப்பர் தோட்டச் சாலைகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஏற்றங்கள் குட்டையானவை என்பது உண்மை. அதனால் ஒரே ஏற்றத்தைத் திரும்பத் திரும்ப ஏற வேண்டும். வேண்டுமென்றே ஒரு கியர் பெரிதாக வைத்து, உட்கார்ந்தபடியே நிமிடத்திற்கு 50, 55 சுற்றில் மிதித்துப் பழகுங்கள். முழங்கால் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மழை பெய்த மறுநாள் உதிர்ந்த இலையும் பாசியும் வழுக்கும் என்பதால் இறக்கத்தில் அவசரம் கூடாது.

நீண்ட ஏற்றத்தை ஒருமுறையேனும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். நமக்கு அருகில் இருப்பது கேரளத்தின் பொன்முடி. கல்லாற்றைத் தாண்டியபின் 22 கொண்டை ஊசி வளைவுகள்; ஆசிய மலைச் சைக்கிள் போட்டிகள் 2023 அக்டோபரில் நடந்த இடமும் அதுதான், அது காட்டுப் பாதையில் ஓட்டுகிற வேறு வகைப் போட்டி என்றாலும். வனத்துறைச் சாவடி திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு விடியற்காலையில் போனால் வாகனத் தொல்லை குறைவு.

இனி, யாரும் தொடாத செய்தி: அந்த முதல் 3 கிலோமீட்டர். கூட்டமாகப் புறப்படும்போது எல்லோரும் பறப்பார்கள். சமதளத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டினால் காற்றுத் தடை குறையும் என்பதால், நல்லதொரு குழுவின் நடுவில் ஒட்டிக்கொள்வது சரிதான். ஆனால் அந்தக் குழுவை விடாமல் பிடிப்பதற்காக மூச்சு வாங்க மிதித்தால், ஏற்றம் தொடங்கும்போதே கால்கள் எரிந்துகொண்டிருக்கும். அந்தக் கடன் மலை முழுவதும் தீராது. முதல் கொண்டை ஊசி வளைவுக்கு வந்ததும், முன்னால் போகிறவர்களைப் போகவிட்டு உங்கள் மூச்சை மட்டும் கவனியுங்கள். மலையில் மணிக்கு 9, 10 கிலோமீட்டர் வேகத்தில் பிறர் பின்னால் ஒட்டுவதால் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறிது. ஆகவே தனியாக விடப்பட்டோமே என்று கலங்க வேண்டியதில்லை. பாதித் தூரத்திற்குப் பிறகும் பேச்சு வந்தால் சற்றுக் கூட்டலாம். வளைவின் உள்விளிம்பு எப்போதும் செங்குத்தாக இருக்கும்; போக்குவரத்தை நிறுத்தி நடத்தும் போட்டியென்றால் வெளிவிளிம்பில் சுற்றி வாருங்கள், எதிரே வண்டி வருமானால் இடப்பக்கத்தை விட்டு நகராதீர்கள்.

எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்காதீர்கள். 200 வாட் மிதிக்கிற உடல் அதைப் போல மூன்று மடங்குக்கும் மேலாக வெப்பத்தை உண்டாக்குகிறது; மெதுவாக ஏறும்போது அதை ஆற்றக் காற்றும் இருக்காது. பட்டினியும் நீர்க்குறைவும் சேர்ந்தால் வளைவிலேயே தலை சுற்றும். புறப்படுவதற்கு இரண்டரை, மூன்று மணி நேரம் முன்பு நாலு இட்லி, பிறகு இரண்டு மட்டிப்பழம், கையில் ஒரு புட்டி உப்பும் சர்க்கரையும் கலந்த நீர். இவ்வளவு நேரப் போட்டிக்கு அது போதும்.

தோவாளைக்காரன்

மூவருக்கும் நன்றி. கேசட்டை இந்த மாதமே மாற்றிவிடுகிறேன். வாரம் ஒருநாள் காற்றிலும் ஒருநாள் குலசேகரம் பக்கமும் ஓட்டலாம் என்று எண்ணுகிறேன். ஒரேயொரு ஐயம்: முடித்தபின் அதே சாலையில் சைக்கிளிலேயே இறங்க வேண்டுமாம். என்னுடையது ரிம்மைப் பிடிக்கும் பழைய வகைப் பிரேக்.

மார்த்தாண்டம் பட்டறை

போட்டிக்கு முன்பே பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றிவிடுங்கள். ரிம்மின் பக்கவாட்டில் குழி விழுந்து தேய்ந்திருந்தால் ரிம்மையும் மாற்றத்தான் வேண்டும், அந்தச் செலவைத் தவிர்க்காதீர்கள். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்க வாய்ப்பு உண்டு. வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம் என்பதால், நனைந்த ரிம்மில் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும். உச்சியில் வியர்வை ஆறியதும் கை விறைக்கும். காற்றுப் புகாத ஒரு மெல்லிய சட்டையை அமைப்பாளர்களின் வண்டியில் முன்கூட்டியே மேலே அனுப்பிவிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கேசட் மாற்ற வரும்போது சைக்கிளை முழுதாகக் கொண்டு வாருங்கள், பின் சக்கரத்தை மட்டும் அல்ல. பின் கியர் மாற்றியை மாட்டும் கொக்கி நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.