கிணத்தடி ஆச்சியின்ர சீதன ஓலை

சுதா: பெரியம்மான்ர ட்ரங்குப் பெட்டியில கிடந்தது சீதன ஓலைதானாம்!! ஓலை வாசிக்கத் தெரிஞ்ச ஐயா ஒராள் வந்து கரி பூசித் துடைச்சவர், எழுத்தெல்லாம் கறுப்பா எழும்பிச்சு. மெய்யெழுத்துக்குப் புள்ளி ஒண்டுமே இல்லை, அதாலதான் நாங்கள் இவ்வளவு நாளும் மாரடிச்சது. பேர் சின்னாச்சி, கர வருஷம்

ரவி அண்ணை: கர அறுவது வருஷத்துக்கு ஒருக்கா வருமே. 1771ஓ 1831ஓ?

சுதா: மாமி வச்சிருக்கிற 1839 கடுதாசி உறுதியைப் பாருங்கோ அண்ணை, அதில மகளுக்குச் சீதனம் குடுக்கிற மனுசி என்ர தாயின்ர தாய் சின்னாச்சிக்குச் சீதனமா வந்த காணி எண்டு எழுதுவிச்சிருக்கிறா, 1831ல பேத்திக்கே பிள்ளை இருந்திருக்கும், அப்ப சின்னாச்சி கலியாணம் முடிச்சது 1771ல

மாமி: ஒல்லாந்தர் காலம்! எங்கட அம்மா கிணத்தடி ஆச்சி எண்டு சொல்லுறவ, அது இவதானோ பிள்ளை?

ரவி அண்ணை: நான் அப்பப்பா வழியில எவ்வளவு தேடினன், எல்லாம் ஆம்பிளையள் பேர், பொம்பிளையள் வெறும் பெண்சாதி எண்டு ஒரு சொல்லு. தாயின்ர சீதனம் பொம்பிளைப் பிள்ளையளுக்கு, தகப்பன்ர முதுசொம், அதுதான் பரம்பரைச் சொத்து, ஆம்பிளைப் பிள்ளையளுக்கு எண்டதுதான் பழைய முறை, 1707ல ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுதிக்குடுத்த தேசவழமை எண்ட யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டத்திலயும் கிடக்கு. காணி போன வழியில போயிருந்தா எப்பவோ ஆச்சியைக் கண்டிருப்பம்

சித்தி: ஒல்லாந்தற்ர காணிப் பதிவு, தோம்பு, அதிலயும் தேடுவமே

ரவி அண்ணை: தேடலாம், ஆனா சின்னாச்சி எண்டு மட்டும் தேடாதேங்கோ. அந்தக் காலத்தில கலியாணம் பதியிறதுக்கெண்டே கனபேர் ஞானஸ்நானம் எடுத்தவை, வீட்டில ஒரு பேர் சேர்ச் புத்தகத்தில ஒரு பேர்

மாமி: சுதா, ஓலையில வேற என்ன இருக்கு

சுதா: வளவு 6 பரப்பு, பசு ஒண்டும் கண்டும், பிறகு கிணத்திலயும் வழி வாய்க்காலிலயும் அரைவாசிப் பங்கு மாமி

மாமி: அரைவாசிக் கிணறு!! அதுதான் கிணத்தடி ஆச்சி. எனக்கு அழுகை வருது

குட்டி: நான் இப்ப அங்கதான் நிக்கிறன். துலா இல்லை, மோட்டர் பூட்டிக் கிடக்கு, ஆனா துலாவைத் தாங்கிற ஆடுகால் நட்ட கல்லு ரெண்டும் அப்பிடியே இருக்கு. ஃபோட்டோ போடுறன் பொறுங்கோ