மெயின்ஸ் விடை: டைப் செய்தால் ஓடுகிறது, கையால் எழுதினால் தாள் முடியவே மாட்டேன் என்கிறது. உதவி தேவை

வைகைக்கரை:
யூபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வின் மெயின்ஸை (முதன்மை எழுத்துத் தேர்வை) தமிழ் வழியில் எழுதத் தயாராகிறேன். குறிப்பு எடுப்பது, மாதிரி விடை எழுதிப் பார்ப்பது எல்லாம் லேப்டாப்பில்தான். தமிழ்99 கீபோர்டு கை பழகிவிட்டது, திரையைப் பார்க்காமலே அடிப்பேன். ஆனால் டெஸ்ட் சீரிஸில் (மாதிரித் தேர்வுகளில்) பேனாவைப் பிடித்தால் பொது அறிவுத் தாளில் பதினான்கு கேள்விக்கு மேல் தாண்டுவதில்லை. இரண்டாவது மணி நேரத்தில் கட்டைவிரல் அடியில் வலி. அதற்கப்புறம் எழுதியதை என்னாலேயே படிக்க முடியவில்லை. தினமும் செய்தித்தாள் தலையங்கத்தைப் பார்த்து இரண்டு பக்கம் எழுதுகிறேன், வேகம் கூடவில்லை. பேனாவை மாற்ற வேண்டுமா? வேறு என்ன பயிற்சி செய்யலாம்?

கோவைக்காரன்:
ஜெல் பேனா வாங்குங்கள் சகோ. அழுத்தம் தேவையில்லை, வழுக்கிக்கொண்டு போகும்.

பழைய_ஹையர்:
பேனா பிறகு. முதலில் கணக்கைப் பாருங்கள் தம்பி. ஒரு தாளில் 20 கேள்வி: 10 மதிப்பெண் கேள்வி பத்து, ஒவ்வொன்றும் 150 சொல், 15 மதிப்பெண் கேள்வி பத்து, ஒவ்வொன்றும் 250 சொல். மொத்தம் 4,000 சொல், 180 நிமிடம். யோசிக்காமல் எழுதினாலே நிமிடத்துக்கு 22 சொல் வேண்டும். டைப்ரைட்டிங் லோயர் தேர்வுக்கே நிமிடத்துக்கு 30 சொல்தான், அதுவும் ஐந்து தட்டுக்கு ஒரு சொல் என்ற கணக்கில். தமிழில் 'நடைமுறைப்படுத்தப்படாததால்' என்பது ஒரே சொல்! ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லில் சொல்வதை நாம் ஒன்றில் அடைக்கிறோம். ஆகவே அந்த 250-ஐத் துரத்தாதீர்கள். அது மேல்வரம்பு, எட்டியே தீர வேண்டிய இலக்கு அல்ல.

தாமரைக்குளம்:
மெயின்ஸ் எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கை மெதுவா, யோசனை மெதுவா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் டைமர் வைத்து ஒரு தலையங்கத்தைப் பார்த்து எழுதுங்கள். கொஞ்சம் ஓய்வு. அப்புறம் நன்றாகத் தெரிந்த ஒரு கேள்விக்கு அதே ஐந்து நிமிடம் சொந்தமாக எழுதுங்கள். இரண்டிலும் வரிகளை எண்ணிச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
செய்து பார்த்தேன் அக்கா. பார்த்து எழுதும்போது 15 வரி. சொந்தமாக எழுதும்போது 8 வரி, அதிலும் மூன்று இடத்தில் அடித்தல். இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

தாமரைக்குளம்:
அப்படியானால் கை சரியாகத்தான் இருக்கிறது. தலையங்கத்தைப் பார்த்து எழுதும் பயிற்சியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே நன்றாக இருப்பதற்குத்தான் தினமும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சிக்கல் வாக்கியத்தில் இருக்கிறது. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். கீபோர்டில் வாக்கியத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். நடுவில் போய் ஒரு எச்சத்தைச் செருகலாம், சரிவரவில்லை என்றால் பேக்ஸ்பேஸ் இருக்கிறது. காகிதத்தில் அது நடக்காது. முடிவு தெரியாமல் தொடங்கினால் பாதியில் பேனா நின்றுவிடும், இல்லையென்றால் அடிக்க வேண்டிவரும்.

நீங்கள் அநேகமாக இப்படி எழுதுவீர்கள்: "1992-இல் நிறைவேற்றப்பட்டு 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட பதினொன்றாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ள 29 பொருள்களில் ஊராட்சிகளுக்கு அதிகாரம் வழங்குவதில் மாநிலங்கள்..." இதற்குள் மூச்சு முட்டும். மாநிலங்கள் என்ன செய்தன என்று யோசிக்கும் நேரத்தில் அரை நிமிடம் போய்விடும்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. பதினொன்றாம் அட்டவணை 29 பொருள்களைப் பட்டியலிடுகிறது. ஆனால் எவ்வளவு அதிகாரம் தருவது என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்கிறது." முற்று சீக்கிரம் வந்துவிடுவதால் அடுத்த வாக்கியத்தை யோசிக்கக் கை காத்திருக்க வேண்டியதில்லை. திருத்துபவருக்கும் கண்ணில் படும்.

எழுதும் முன் ஒரு நிமிடம் ஒதுக்கி நாலைந்து குறிச்சொல்லைப் பென்சிலால் கிறுக்கிக்கொள்ளுங்கள். 10 மதிப்பெண்ணுக்கு 7 நிமிடம், 15-க்கு 11 நிமிடம். கூட்டினால் சரியாக 180 வரும். அந்த ஒரு நிமிடமும் இதற்குள்தான்.

எழுத்தாணி:
கையையும் அப்படியே விட்டுவிட முடியாது. வலி இருக்கிறதே! பேனாவை நுனிக்கு மிக அருகில் இறுக்கிப் பிடிக்கிறீர்களா பாருங்கள். கொஞ்சம் மேலே தள்ளிப் பிடித்து, முன்கை முழுவதையும் மேசைமேல் வைத்து, விரலை மட்டும் நம்பாமல் கையையே நகர்த்தி எழுதுங்கள். இன்னொன்று, புள்ளி. தமிழ்99-இல் 'மக்கள்' அடிக்க க-வை இரண்டு தடவை தட்டினால் முதல் க-வுக்குத் தானாகவே புள்ளி விழும். 'பந்து' அடிக்கும்போது ந-வுக்கும் அப்படியே. அந்தப் பழக்கத்தில் கையெழுத்தில் புள்ளியை மறந்துவிட்டு, வரி முடிந்ததும் திரும்பிவந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்து முடிந்த கையோடு புள்ளியை வைத்துவிட்டு நகருங்கள். விரல் மரத்துப்போவது, இரவிலும் வலிப்பது என்று இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், பயிற்சியால் சரியாகிவிடும் என்று இழுத்தடிக்க வேண்டாம்.

கோவைக்காரன்:
அப்படியென்றால் லேப்டாப்பை மூட்டை கட்டிவிடலாமே? கையால் குறிப்பு எடுத்தால்தான் மனதில் நிற்கும் என்று ஆராய்ச்சியே இருக்கிறது.

தாமரைக்குளம்:
2014-இல் அமெரிக்காவில் முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறீர்கள். டைப் செய்தவர்கள் கேட்டதை அப்படியே இறக்கினார்கள், கையால் எழுதியவர்கள் சுருக்கி எழுதியதால் நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்றார்கள். 2021-இல் வேறொரு குழு திரும்பச் செய்து பார்த்தபோது கையால் எழுதியவர்களுக்கு அந்த ஆதாயம் கிடைக்கவில்லை. ஆகவே குறிப்பு லேப்டாப்பிலேயே இருக்கட்டும், தேடவும் திருத்தவும் அதுதான் வசதி. விடையை மட்டும் லேப்டாப்பில் எழுதாதீர்கள், ஒன்றுகூட வேண்டாம்.

தினமும் இரண்டு விடை, கோடு போடாத ஏ4 தாளில், டைமர் அடித்ததும் பாதி வாக்கியமாக இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். 10 மதிப்பெண்ணுக்கு இரண்டு பக்கம், 15-க்கு மூன்று பக்கம்தான் விடைத்தாளில் இடம் தருவார்கள், வீட்டிலும் அதற்குமேல் போகாதீர்கள். வாரம் ஒரு முழுத்தாள். தேர்வு நெருங்கும்போது ஒரே நாளில் காலை ஒரு தாள், பிற்பகல் ஒரு தாள் எழுதிப் பாருங்கள். பொது அறிவுத் தாள்கள் அப்படித்தான் வரும், பிற்பகலில் கை என்ன சொல்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

வைகைக்கரை:
நன்றி அக்கா, எழுத்தாணி ஐயாவுக்கும் நன்றி. குறிச்சொல் எழுதிவிட்டுத் தொடங்கிப் பார்த்தேன், அடித்தல் குறைகிறது. கடைசியாக ஒரு சந்தேகம். கலைச்சொல் வரும் இடமெல்லாம் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சொல்லையும் எழுதுகிறேன். அதற்கும் நேரம் போகிறது. விட்டுவிடலாமா?

தாமரைக்குளம்:
விதி அதை அனுமதிக்கிறது, ஆனால் தொழில்நுட்பக் கலைச்சொல்லுக்கு மட்டும். விருப்பம் இருந்தால் எழுதலாம், கட்டாயம் இல்லை. 'கூட்டாட்சி', 'பணவீக்கம்' போன்றவற்றுக்கு எதற்கு? எல்லாருக்கும் தெரிந்த சொல். தமிழில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதும் அறிவியல் சொல் என்றால் போடுங்கள், அதுவும் ஒரு விடையில் முதல் முறை வரும்போது மட்டும்.