கேட் ஸ்டீவன்ஸ் இசைத்தட்டு: எந்த மறுபதிப்பை வாங்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். நான் ஏற்காட்டில் இருக்கிறேன். காபித் தோட்டத்தில் கணக்கராக இருந்த என் தாய்மாமாவின் பெட்டியில் பிரிட்டிஷ் பாடகர் கேட் ஸ்டீவன்ஸின் ‘டீ ஃபார் தி டில்லர்மேன்’ இசைத்தட்டு கிடைத்தது. 1970-இல் வந்த தொகுப்பு; உறை ஓவியமும் அவரே வரைந்ததுதான். மலையின் ஈரம் அதை விட்டுவைக்கவில்லை. உறையெங்கும் தேமல்போலப் பூஞ்சை. இரண்டாம் பக்கத்தில், தந்தையும் மகனும் மாறி மாறிப் பேசும் ‘ஃபாதர் அண்ட் சன்’ பாட்டு வரும்போது ஊசி தாவி, மகன் வாய்திறக்கும் இடத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. மாமா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

1967-இல் ஸ்டீவன்ஸ் பளபளப்பான பாப் பாடகர். பிறகு காசநோய் படுக்கையில் தள்ளியது. எழுந்து வந்தவர் வாத்திய ஆரவாரத்தைக் குறைத்துக்கொண்டு, கிட்டாரும் கையுமாக ‘மோனா போன் ஜேக்கன்’ தொகுப்பைத் தந்தார். எனக்கு அதுதான் ஒரு படி மேல்.

இரண்டுக்கும் 2020-இல் 50-ஆம் ஆண்டு மறுபதிப்புகள் வந்தன. பல தட்டுகள் அடங்கிய பெட்டித் தொகுப்பு என் கைக்கு எட்டாது. தனித்தட்டைக் கேட்டவர்கள் சொல்லுங்கள். பழைய தட்டில் கிட்டார் கம்பியில் விரல் உரசுவதுகூடக் கேட்கிறது. புதியதில் அது இருக்கிறதா, மெழுகிவிட்டார்களா? முன்பு இணையத்தில் வாங்கிய தட்டு ஒன்று அப்பளம்போல வளைந்து வந்தது. அதனால் நேரில் பார்த்து வாங்கவே விருப்பம்.

இன்னொன்று: சேலத்தில் பூஞ்சை பிடித்த தட்டைப் பக்குவமாகக் கழுவித் தருபவர் யாராவது உண்டா? 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அதை மடியில் வைத்துக்கொண்டே இறங்கிவிடுவேன்.