கூட்டெருக் குவியலில் சுண்டெலிகள்: நஞ்சின்றி அகற்ற வழி கேட்கிறேன்

வீட்டுத்தோட்டம் செய்யும் அன்பர்களுக்கு வணக்கம். நுவரெலியாவுக்கு அருகே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் பின்புறமுள்ள சிறு துண்டு நிலத்தில் லீக்ஸும் கரட்டும் பயிரிட்டு வருகிறோம். அதற்காகக் கவ்வாத்து மிலாறு (கத்தரித்த தேயிலைக் கிளைகள்), மாணாப்புல், மரக்கறிக் கழிவு ஆகியவற்றைக் குவித்துத் தயாரிக்கும் கூட்டெருவில், இரண்டு மாதங்களாகச் சுண்டெலிகள் வளை தோண்டிக் குடியிருக்கின்றன.

நஞ்சு வைக்க எனக்கு மனமில்லை. நஞ்சுண்ட எலியைத் தின்னும் பூனையும் ஆந்தையும் சேர்ந்தே மடியக்கூடும்; அந்த எருவைத்தான் பிள்ளைகள் உண்ணும் மரக்கறிக்கும் இடுகிறோம். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும் என்பதால், கையுறையும் சப்பாத்தும் இன்றி யாரையும் குவியலைத் தொட நான் விடுவதில்லை.

மிஞ்சிய சோறும் ரொட்டியும் போடுவதை நிறுத்திவிட்டோம். உலர்ந்து, அசையாமல் கிடக்கும் குவியலையே எலிகள் நாடும் என்பதால், வாரம் இருமுறை புரட்டி, கையில் பிழிந்தால் ஓரிரு துளி கசியும் அளவுக்கு ஈரமாக வைத்திருக்கிறேன். உள்ளே 55 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறினால் அவற்றால் அங்கே தங்க முடியாது. ஆனால் ஒரு மீற்றர் உயரம்கூட இல்லாத எங்கள் குவியல், இந்தக் குளிரில் அந்தச் சூட்டை எட்டுவதேயில்லை.

பச்சை மாட்டுச் சாணம் சேர்த்துக் குவியலைப் பெரிதாக்கி, இதே குளிரில் சூடேற்றியவர்கள் இருக்கிறீர்களா? 6 மில்லிமீற்றருக்கு மிகாத கண்ணுடைய கம்பிவலையை அடியிலும் பக்கங்களிலும் அடித்தால், நம் மழைக்கு அது எத்தனை காலம் துருப்பிடிக்காமல் நிற்கும்? புரட்டும்போது குஞ்சுகளோடு கூடு அகப்பட்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.